சுவரோடு ஒட்டி நின்ற வண்டி

வாங்க தம்பி. அந்தப் பக்கத்துக் கதவு திறக்காதுங்க, சுவரோட ஒட்டி நிறுத்தியிருக்கறேன். சுத்தி இந்தப் பக்கமா வாங்க. டிரைவர் சீட்டு வழியாத்தான் ஏறோணும். காலை இந்தக் கம்பியில வச்சு, கையை இங்க புடிச்சு, கியர் ராடைத் தாண்டி அப்படியே உள்ள வந்துருங்க. செருப்பு பரவால்லீங்க. இல்ல, எதுக்கும் கழட்டிருங்க. சுலோச்சனா இருந்தா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா.

நேரா நில்லுங்க. பயப்படாதீங்க, தலை இடிக்காது. நீங்களும் என்னாட்ட ஒசரமான ஆளுதான். அதுக்குத்தானுங்க கூரையை ஏத்துனது. நான் வாங்கறப்ப இது பள்ளிக்கூட வேனுங்க, உள்ள வந்தா முதுகை வளைச்சுட்டே நிக்கோணும். கூரையை அப்படியே வெட்டி எடுத்துட்டு, ஃபைபர்ல அச்சுப் போட்டு, என்ற தலைக்கு மேல நாலு விரல் இடம் விட்டு ஏத்துனேன். ஹை ரூஃப்னு சொல்லுவாங்க. பாத்தாச்சுங்களா? இப்ப உக்காருங்க. ஒருத்தர் நின்னா இன்னொருத்தர் உக்காந்துக்கோணும், அது இந்த வண்டிச் சட்டம். நான் காபி போடோணும், அதனால நான் நிக்கறேன். நகருங்க, அந்த மேசையை உங்க மடிக்கு மேல இறக்கிக்கறேன். அடுப்பு இது மேலதான் வைக்கோணும்.

நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரியாமலா இருக்குது? குடியிருப்போர் சங்கத்து செகரட்ரி. வண்டியை எடுக்கச் சொல்லி வந்திருக்கறீங்க. எவனோ கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்கறான். எடுக்கறேனுங்க. இந்தச் சந்துல குடியிருக்கவா வந்தேன்? என்ற ஊட்டுக்காரி சுலோச்சனா இந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்து ஊட்லதான் இருக்கறா, அவ தங்கச்சி விசாலாட்சி ஊடு. வந்து வண்டியில ஏறட்டும், அடுத்த நிமிசம் கிளம்பீருவேன். அவ ஏறாம நான் எங்கீங்க போறது? எங்களுக்குப் புள்ளைக இல்லை. இருக்கறது நாங்க ரெண்டு பேரு, இந்த வண்டி.

ஏனுங்க ஒரு மாதிரி பாக்கறீங்க? சக்கரை போடலாமுங்களா? சரி.

இல்லீங்க, நீங்க ஞாயத்தைக் கேட்டுட்டுப் போங்க. இந்த ஈரோட்ல என்ற ஞாயத்தைக் கேக்க ஒரு ஆளு இல்லை. என்ற சகலை, விசாலாட்சி ஊட்டுக்காரரு, வண்டியைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போறாரு. ஜன்னலைத் தட்டிக் கூப்பிட்டா செல்போனைக் காதுல வச்சுக்கறாரு. போனே வந்திருக்காது.

நான் கோயமுத்தூர்ல லேத் பட்டறை வச்சிருந்தேனுங்க. பம்புக்கு உதிரி பாகம் கடைஞ்சு குடுக்கறது. காலைல போனா பொழுது சாஞ்சுதான் ஊடு. ஞாயித்துக்கிழமையும் போவேன். சுலோச்சனா ஒண்ணும் சொல்ல மாட்டா. எப்பவாச்சும் ஒருக்கா, "ஒரு நாளைக்குக் கன்னியாகுமரி போய்க் கடலைப் பாத்துட்டு வரலாங்களா"ன்னு கேப்பா. ஆவட்டும்னுவேன். அந்த ஒரு வார்த்தை எனக்கு மனசுல கிடந்து அறுத்துட்டே இருந்துதுங்க. பட்டறையை அக்கா மகன்கிட்ட ஒப்படைச்சேன் பாருங்க, அன்னைக்கே முடிவு பண்ணீட்டேன். ஒரு நாளு கேட்டாளே, ஆயுசுக்கும் கூட்டீட்டுப் போறேன்னு. யாராச்சும் செய்வாங்களா? நீங்களே சொல்லுங்க.

அவகிட்டச் சொல்லலை. பட்டறைக்குப் பொறகால வச்சே எல்லா வேலையும் பண்ணுனேன். கட்டில், அதுக்கு அடில தண்ணி டேங்க், மேல வரிசையா அலமாரி. மசாலா டப்பா, மருந்து, சீப்பு, எல்லாம் அந்த மேல் அலமாரில. அவளுக்கு எட்டாதுதான். அதனால என்ன, நான் எங்க போகப்போறேன், கேட்டா எடுத்துக் குடுக்கறேன். நீங்க உக்காந்திருக்கற பெஞ்சைத் தூக்குனா அடில டாய்லெட்டு. அதை மட்டும் அவ பழகிக்கவே இல்லீங்க. "நீங்க கொஞ்சம் வெளிய போங்க"ன்னுவா. மழை கொட்டுது, நான் எங்க போறது? அப்படித் திரும்பிக்கறேன்னு சொன்னா, பெட்ரோல் பங்க் வர்ற வரைக்கும் வயித்தைப் புடிச்சுட்டு உக்காந்திருப்பா. வீண் வெக்கம். கல்யாணமாகி இத்தனை வருசம் கழிச்சு எதுக்குங்க?

எந்திரிக்காதீங்க, மேசை மேல பாலு காயுது. ஒரு நிமிசம்.

ஊட்டை என்ன பண்ணுனீங்கன்னுதானே? சும்மா பூட்டி வச்சா எலி ஓட்டம்தான். பல்லு டாக்டரம்மா ஒருத்தரு கிளினிக் வைக்கக் கேட்டுச்சு, வாடகைக்குக் குடுத்துட்டேன். சுலோச்சனாகிட்ட வண்டியையும் அந்தச் சமாச்சாரத்தையும் ஒண்ணாத்தான் சொன்னேன். வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தா. உள்ள ஏறிப் பாத்தா. கையைத் தூக்கிக் கூரையைத் தொட்டுப் பாத்தா, எட்டலை. "நல்லாப் பண்ணியிருக்கறீங்க"ன்னா. அவ்வளவுதான். சந்தோசம் ஜாஸ்தியானா அவளுக்குப் பேச்சு வராது.

நாலு மாசம் ஊரு ஊராச் சுத்துனோமுங்க. நடுவுல அவளுக்குக் கடவாய்ப் பல்லு வலி வந்துருச்சு. வேற எங்க போறது, நம்ம ஊட்டுக்கேதான் போனோம். டாக்டரம்மா நெம்ப நல்ல மாதிரி. அடுப்படி இருந்த எடத்துலதான் அந்தச் சாயற நாற்காலி போட்டிருக்குது. பல்லைப் புடுங்கியாச்சு, பஞ்சு வச்சாச்சு. "முடிஞ்சுதுங்க ஆன்ட்டி, எந்திரிக்கலாம்"னு டாக்டரம்மா சொல்லுது, இவ எந்திரிக்கவே மாட்டேங்கறா. கண்ணை மூடிச் சாஞ்சு கிடக்கறா. அடுத்த பேசன்டு வாசல்ல நின்னு எட்டி எட்டிப் பாக்கறாரு. எனக்கு மானமே போச்சு. கையைப் புடிச்சு எழுப்பிக் கூட்டீட்டு வந்தேன். மரத்துப்போற ஊசி போட்டாங்கல்ல, அதோட மயக்கமுங்க அது. சிலருக்கு ஒத்துக்காது.

காபி எப்படி? ஃபிரிட்ஜ் சின்னதா இருந்தாலும் பாலு கெடாது. கூரை மேல சோலார் இருக்குது.

இந்தச் சுவரோட ஒட்டி நிறுத்தற சங்கதிக்கு வர்றேன். நீங்க அதைத்தானே கேக்கோணும்? ஆரம்பத்துல நானும் எல்லாரையும் போலத்தான் நிறுத்துனேன். சமயபுரத்துல ஒரு நாளு முன்னால உக்காந்து டயர் காத்துப் பாக்கறேன், ஒரு கும்பல் பொம்பளைக நம்ம வண்டியோட பக்கவாட்டுக் கதவை இழுத்துத் திறந்து, "பஸ் ஸ்டாண்டு போகுங்களா"ன்னு கேட்டுட்டே ஏறி உக்காந்துருச்சுக. வாடகை வேன்னு நினைச்சிருக்குதுக. இவ என்ன பண்ணோணும்? இறங்குங்கன்னு சொல்லோணுமா இல்லையா? சிரியா சிரிச்சுட்டு, டப்பாவத் திறந்து முறுக்கு எடுத்துக் குடுக்கறா. அதுகளும் சம்மணம் போட்டு உக்காந்து, எந்த ஊரு, எத்தனை புள்ளைகன்னு கதை பேசுதுக. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லீங்க. நான் போய்ச் சத்தம் போட்டு இறக்கி விட்டேன். அன்னைக்கு முறுக்குத் திங்கற பொம்பளைக வந்தாங்க, நாளைக்கு எவன் வருவானோ? பொம்பளைய வச்சுட்டு ஊர் ஊராப் போறோம், நமக்குத்தானே பொறுப்பு?

அன்னில இருந்து எங்க போனாலும் கதவுப் பக்கம் சுவரோட ஒட்டித்தான் நிறுத்துவேன். கதவுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு பூனை போக முடியாது. எத்தனை சந்துல எத்தனை பேரு நின்னு வேடிக்கை பாத்திருக்கறாங்க தெரியுங்களா, கண்ணாடியைக்கூட உரசாம எப்படிங்க ஒட்டுறீங்கன்னு. பொறகால கதவை அலமாரி வச்சு அடைச்சாச்சு. ஆக, வழி ஒண்ணே ஒண்ணுதான். என்ற கதவு.

கன்னியாகுமரிக்கும் போனமுங்க, போகாம இருப்பமா? கடலுக்கு நேரா ஒரு லாட்ஜு, அந்தச் சுவரை ஒட்டி நிறுத்துனேன். கடல் என்ற பக்கம், சுவரு அவ பக்கம். டிரைவர் சீட்டுல இருந்து பாத்தா அப்படி ஒரு காட்சி. நான் பொழுதுக்கும் பாத்துட்டே உக்காந்திருந்தேன். இவ உள்ளே அரிசி களைஞ்சுட்டு இருந்தா. "கடல் வந்துருச்சு பாரு"ன்னு ஒரு குரல் குடுத்தேன். "சத்தம் கேக்குதுங்க"ன்னா. பாத்தீங்களா, கேட்டதை நிறைவேத்தீட்டேன். அதுக்கப்புறம் அவ வாயில இருந்து கடல்ங்கற பேச்சே வரலை.

என்ற கதவுக்கு ஒரு பூட்டு பண்ணியிருக்கறேன் பாருங்க. கையை வச்சுப் பாருங்க, இரும்பு. நானே கடைஞ்சது. கண்ணாடியை உடைச்சு உள்ள கையை விட்டுக் கதவைத் திறக்கறதுதானே திருடனோட வழக்கம்? இது வெளிய பூட்டுனா உள்ள இருந்து திறக்கவே திறக்காது. சாவி ஒண்ணுதான், என்ற அரைஞாண் கயித்துல. ரெண்டாவது சாவி பண்ணுனா ரெண்டு பேர்ல ஒருத்தர் தொலைப்போம்.

இதையெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, அவளுக்கு நான் என்ன குறை வச்சேன்னு உங்களுக்குத் தெரியோணும்.

கும்பகோணத்துலதானுங்க அது நடந்துது. கடைத்தெருவுல ஒரு பழைய சத்திரத்துச் சுவரு, நெம்பத் தோதான சுவரு. ஒட்டி நிறுத்தீட்டு, காபி குடிச்சுட்டு வந்தர்றேன்னு பூட்டீட்டுப் போனேன். அங்க ஒரு பேங்க்ல இருந்து ரிடையர் ஆன மனுசன், வண்டியைப் பாத்துட்டுக் கூடவே வந்துட்டாரு. அவருக்கும் இப்படி ஒண்ணு கட்டோணுமாம். ஊட்டுக்கு வாங்க, பேப்பர்ல வரைஞ்சு காட்டுங்கன்னு ஒரே வற்புறுத்தல். போனா அவங்க ஊட்டம்மா இட்லி வச்சுது. பேச்சு வளந்துருச்சு. போனை வண்டியிலயே சார்ஜ்ல போட்டுட்டுப் போயிட்டேன், அது ஒண்ணுதான். மத்தபடி ஃபேன் ஓடுது, தண்ணி இருக்குது, சின்ன டிவி இருக்குது. ஒரு மனுசிக்கு இதுக்கு மேல என்னங்க வேணும்?

திரும்பி வந்தா வண்டியைச் சுத்தி ஒரே கூட்டம். என்னமோ திருட்டுன்னு ஓடுனேன். மேல பாத்தா கூரையில காத்துக்கு வச்ச மூடி பிளந்து கிடக்குது. பூக்காரம்மா சொல்லுது: "உள்ள இருந்து தட்டுன சத்தம் கேட்டுச்சுங்க. நாங்க இந்தக் கதவை இழுத்துப் பாத்தோம், வரலை. அப்புறம் மேல ஒரு கை தெரிஞ்சுது, தலை தெரிஞ்சுது." நீங்க உக்காந்திருக்கற பெஞ்சுல ஏறி, அலமாரியைப் புடிச்சு, மூடியை முட்டித் தள்ளி, அந்த ஓட்டை வழியா வெளிய வந்திருக்கறா. நீங்களே நிமிந்து பாருங்க, எவ்வளவு ஓட்டைன்னு. சேலை கட்டுன பொம்பளை, முட்டிவலிக்காரி. டியூப் லைட் கட்டற ஆளுக ஏணியைச் சாத்தி இறக்கி விட்டிருக்கறாங்க. கை முழுக்க சிராய்ப்பாம். அழுவலை, கத்தலை. கீழ இறங்குனதும் சேலையை உதறி விட்டுட்டு, "பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கமுங்க"ன்னு மட்டும் கேட்டாளாம்.

நான் மேல ஏறிப் பாத்தேன். சோலார் பேனல் மேல காலை வச்சுட்டா தம்பி, கீறல் விழுந்துருச்சு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "எனக்கு ஒரு சாவி குடுங்க"ன்னு கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? கேட்டாளான்னு கேக்கறீங்களா? எப்பவோ கேட்டா. "எதுக்கு, எங்க போகப்போறே"ன்னேன். அதோட விட்டுட்டா.

இல்லீங்க, நினைச்சுப் பாத்தேன். அந்த ஓட்டையில பாதில சிக்கியிருந்தா? மேல இருந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சிருந்தா? அதனால முதல் வேலையா என்ன பண்ணுனேன் தெரியுங்களா? அங்கயே ஒரு வெல்டிங் கடையில நிறுத்தி, மூடிக்கு அடில குறுக்கும் நெடுக்குமா கம்பி வச்சு ஒட்டிட்டேன். பாருங்க, விரல்கூட நுழையாது. இனி அந்த ஆபத்தே இல்லை. அவ வந்தா அதைத்தான் முதல்ல காட்டோணும்னு இருக்கறேன். மனுசன் நம்மளை எவ்வளவு நினைக்கறாருன்னு அப்பவாவது புரியட்டும்.

நேரா தங்கச்சி ஊட்டுக்குத்தான் வந்திருப்பான்னு தெரியும். நானும் வந்துட்டேன். விசாலாட்சி வாசல்ல வச்சே, "அக்கா தூங்குது மாமா"ன்னுது. மறுநாளும் தூங்குதாம். சரி, கோபம் ஆறட்டும்னு இங்கயே நிறுத்தீட்டேன். அதுவும் எப்படி நிறுத்தியிருக்கறேன் பாருங்க. இருங்க, இந்தத் திரையை நீக்கறேன். அந்தாங்க, சுவருக்கு மேல, அது அவ படுத்திருக்கற ரூம்பு ஜன்னலு. நம்ம வண்டி ஒசரமா இருக்கறதால சரியா நேருக்கு நேரு. அவ திறந்தா முதல்ல என்னத்தான் பாக்கோணும். ஆனா சாத்தியே வச்சிருக்கறா. நான் வந்ததுல இருந்து ஒருக்காக்கூடத் திறக்கலை. இந்த வெயில்ல எப்படித்தான் இருக்கறாளோ. கொசுத் தொந்தரவா இருக்கும்.

ஐயோ, எந்திரிக்காதீங்க தம்பி, மேசைக்கால் மடங்கீரும். நான் உக்காந்தாத்தான் நீங்க எந்திரிக்க முடியும், நான் உக்கார அடுப்பை இறக்கோணும். பேசியே முடிச்சிரலாம். கம்ப்ளெயின்ட் பண்ணுன ஆளு யாருன்னு மட்டும் சொல்லுங்க. அந்த நாய் வளக்கறவருங்களா? முறைச்சுட்டே போறாரு. இல்ல என்ற சகலையா? அவராத்தான் இருக்கோணும். ஒரு குடும்பத்தைப் பிரிச்சு வைக்கறதுல அவருக்கு என்ன லாபம்? சொல்லுங்க, நான் சண்டைக்குப் போக மாட்டேன். அவருகிட்ட இதே மாதிரி உக்கார வச்சு ஞாயத்தைச் சொல்லுவேன்.

என்னங்க?

மறுக்கா ஒருக்கா சொல்லுங்க.

சுலோச்சனாவா?

அவளே வந்தாளா? தங்கச்சி கூட வரலையா? உங்க சங்கத்து ஆபீசு அந்தக் கோடில, ரெண்டு திருப்பம் தாண்டியில்ல இருக்குது. இந்த ஊர்ல அவளுக்கு வழியே தெரியாதுங்களே. தனியா நடந்தா? வண்டியைத் தாண்டித்தானே போயிருப்பா. நான் உள்ள உக்காந்துட்டுத்தானே இருந்திருப்பேன். அதான் நான் அவ பேரைச் சொன்னதுல இருந்து அப்படிப் பாத்துட்டு இருந்தீங்களா?

என்னன்னு சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க. "எங்க ஊட்டுக்காரர் வண்டி"ன்னு சொன்னாளா? சொல்லலையா. "யாரோ ஒரு வண்டியைக் கொண்டாந்து ஜன்னலை மறைச்சு நிறுத்தியிருக்கறாங்க, திறக்க முடியலை, எடுக்கச் சொல்லுங்க." அவ்வளவுதானா? யாரோன்னா சொன்னா? அழுதுட்டே சொன்னாளா? கோபமாவா? சாதாரணமாத்தானா? சாதாரணமாச் சொன்னாளா.

சித்த இருங்க தம்பி. தண்ணி குடிச்சுக்கறேன்.

உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது, எனக்குப் பயமா இருக்குது. அவ இல்லாம இந்த வண்டிக்குள்ள இருக்க முடியலைங்க. எந்திரிச்சா கூரை, திரும்புனா சுவரு. இதுல அவ எப்படி நாலு மாசம் உக்காந்திருந்தாளோன்னு... எனக்காவது ஓட்டறதுக்கு ஸ்டியரிங் இருந்துது. இல்ல, அது வேற விசயம். அவ சமாளிச்சுக்குவா, பொறுமைசாலி. என்னாலதான் முடியலை.

சரிங்க. எடுத்தர்றேன். யாரோ சொல்லியிருந்தா எடுத்திருக்க மாட்டேன், அவ சொல்லியிருக்கறா, எடுத்தர்றேன். முக்குக் கடையைத் தாண்டி மைதானம் இருக்குதுல்ல, அங்க போய் நிறுத்திக்கறேன். அடுப்பை இறக்கறேன், மேசையை மடக்கறேன், நீங்க முன்னாடியே இறங்கிக்குங்க. பாத்து, கியர் ராடு.

ஒரே ஒரு உதவி பண்ணுங்க தம்பி. என்ற நம்பரை உங்க போன்ல போட்டுக்குங்க. நான் போனதுக்கப்புறம் இந்தப் பக்கமா நடக்கறப்ப, அந்த ஜன்னலைத் திறந்திருக்கறாளான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. திறந்துட்டான்னா அவளுக்குக் கோபம் ஆறிப்போச்சுன்னு அர்த்தம். போன் வந்த அடுத்த நிமிசம் வண்டியைக் கொண்டாந்து இதே எடத்துல, இதே மாதிரி, ஜன்னலுக்கு நேரா ஒட்டி நிறுத்தீருவேன்.